முதுகுக்கு முதுகு

பெர்லித்தா டீச்சருக்குக் கோபம் வந்தால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தாலாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் இலோய்லோக்காரர்கள் எல்லோருக்குமே இந்தச் சாபம் உண்டு. கோழித் திருடனைத் திட்டினால்கூடக் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரிதான் எங்கள் வாயிலிருந்து வரும். தலைநகர் மணிலாவில் எங்களை வைத்துச் சிரிக்க அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்பட்டதில்லை. எங்களுக்குள் விஷயம் வேறு. பெர்லித்தாவின் குரல் எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

பள்ளி என்றால் மாலுமிப் பயிற்சிப் பள்ளி. மோலோவில், சந்தைக்குப் பின்னால், மூன்று மாடிக் கட்டடம். ஒரு பயணம் முடித்துக் கரைக்கு வந்தவர்கள், அடுத்த கப்பலேறும் முன் இங்கே சில பாடங்களில் தேறிச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு போக வேண்டும். நான் அங்கே கயிறு கட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பப்ளித்தோ என்பது பெயர், ஆனால் நோங் பப்ளிங் என்றால்தான் ஆள் தெரியும்; மூத்தவர்களை நோங் போட்டுத்தான் கூப்பிடுவோம். பெர்லித்தாவின் பாடம் பேச்சு. கப்பலில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னபடியே வாங்கிக்கொள்வது எப்படி என்பது. இதற்கெல்லாம் ஒரு பாடமா, அதற்கொரு டீச்சரா என்று ஆசிரியர் அறையில் சத்தமாகக் கேட்டவன் நான்தான். அவள் அதைக் கேட்டுக்கொண்டே என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு முன் அவள் திக்பவானில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அங்கேதான் தனக்குப் புத்தி வந்தது என்று அவளே சொல்வாள். நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு ஒத்திகை. மணி அடித்ததும் மாமரத்தடிக்கு ஓடி வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு முழுக்கப் புருவங்கள் ஏறி இறங்கின. எங்கள் ஊரில் ‘ஆமாம்’ என்பதை வாயால் சொல்வது வீண் வேலை. புருவத்தைத் தூக்கினால் முடிந்தது. மணி அடித்தது. பாதிப் பிள்ளைகள் முன்வாசல் மாமரத்துக்கு ஓடின, மீதி கொல்லைப்புற மாமரத்துக்கு. இரண்டு பேர் அவரவர் வீட்டு மாமரத்துக்கே போய்விட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மாவட்ட அதிகாரி வேறு வந்திருந்தார்.

அதற்குப் பிறகு ‘புரிந்ததா’ என்ற கேள்வி அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. இப்போது நீ என்ன செய்யப் போகிறாய், உன் வாயால் சொல் என்பாள். பிள்ளைகளிடம் மட்டுமில்லை, மீன்காரியிடம், தையல்காரனிடம், பங்குச் சாமியாரிடம்கூட. ஞானஸ்நான நேரத்தை அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னாளாம். அவர் சொன்னார், தப்பாகத்தான் சொன்னார்.

மாலுமிப் பள்ளியில் அவளுக்குக் கிடைத்த மாணவர்கள் நாற்பது, ஐம்பது வயது ஆண்கள். உலகத்துத் துறைமுகமெல்லாம் பார்த்தவர்கள். முதல் நாளே ஒரு இன்ஜின் ரூம் ஆள் காலை நீட்டிக்கொண்டு கேட்டான்.

“மேம், நீங்க எந்தக் கப்பல்ல போயிருக்கீங்க?”

“எதிர்க்கரை கிமாராஸ் தீவுப் படகுல. போறப்பவும் வாந்தி, வர்றப்பவும் வாந்தி,” என்றாள். “நீங்க சொல்லுங்க. கேப்டன் சொன்னது ஒண்ணும் புரியாம ‘யெஸ் சார்’னு சொல்லிட்டு, வெளிய வந்து பக்கத்து ஆளக் கேட்டது எத்தன தடவ?”

நீட்டிய கால் உள்ளே போனது. அந்த அறையில் அதைச் செய்யாத ஆள் ஒருவன்கூட இல்லை. நானும் செய்திருக்கிறேன். பெரியவரிடம் போய் எனக்கு விளங்கவில்லை என்று சொல்வது அவர் சரியாகச் சொல்லவில்லை என்று குத்திக்காட்டுவது மாதிரி. அந்த மரியாதையை நாங்கள் கப்பலில் ஏறும்போது கரையில் விட்டுவிட்டுப் போவதில்லை. கிரேக்கக் கேப்டனுக்கு இது எப்படித் தெரியும்? எல்லோரும் புருவத்தைத் தூக்குகிறார்கள், சிரிக்கிறார்கள், நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வான்.

அவள் கண்டுபிடித்த வைத்தியம்தான் முதுகு நாற்காலி. இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போடுவாள். இருவர் மடியிலும் ஆளுக்கொரு தட்டு; அதில் ஒரு கலமன்சி எலுமிச்சை, ஒரு கரண்டி, ஒரு தீப்பெட்டி, ஒரு சோடா மூடி. ஒருவன் தன் தட்டில் இஷ்டப்படி அடுக்கிக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும். மற்றவன் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் தட்டில் அதே மாதிரி அடுக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு. உட்கார்ந்தால் வியர்க்கும். “எலுமிச்சைய அங்க வை,” என்று சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து இடத்தைக் காட்டுவான் ஒருவன். நாங்கள் விரலை நீட்டுவதில்லை, எதையும் உதட்டால்தான் காட்டுவோம். அவன் உதடு காட்டுவது எதிர்ச்சுவருக்கு. பின்னால் இருப்பவனும் புரிந்ததென்று புருவத்தைத் தூக்குவான். அதுவும் சுவருக்கு. கடைசியில் ஒருவன் தட்டில் எலுமிச்சை கரண்டிக்குள் இருக்கும், இன்னொருவனுடையது தரையில் உருண்டுகொண்டிருக்கும்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்போது அவள் சிரிக்காமல் நிற்பாள். சிரித்து முடித்ததும் சொல்வாள்: முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, அவன் உன் பக்கம் திரும்பியபின் விஷயத்தைச் சொல். ஒரு மூச்சுக்கு ஒரு வேலை. அங்கே இங்கே என்பது இடம் இல்லை. அவன் தப்பாகத் திருப்பிச் சொன்னால் அவனைத் திட்டாதே, நீ சொன்னதில் ஓட்டை எங்கே என்று பார். இதையெல்லாம் அவள் பலகையில் எழுதிப் போட்டதில்லை. யாராவது தப்புப் பண்ணும்போது அந்த நேரத்தில் எது பொருந்துமோ அதைச் சொல்வாள், மற்றது அடுத்த தப்புக்கு.

ஒன்றை மட்டும் எல்லா வகுப்பிலும் சொல்லாமல் விடமாட்டாள். கெட்ட சேதியை மூன்றாம் ஆள் கையில் கொடுத்து அனுப்பாதே. நம்பினால் நம்புங்கள், இந்த ஊரில் இதைச் சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். கசப்பான எதையும் நாங்கள் நேரில் சொல்வதில்லை. கல்யாணம் வேண்டாம் என்றால் பெண்ணின் அத்தை மகன் வந்து பையனின் சித்தப்பாவிடம் வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போவார், அதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். என்னையே பலபேர் இதற்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இதமான நாக்காம்.

பெர்லித்தாவின் புருஷன் கிரிசாந்தோ ஒரு சரக்குக் கப்பலில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. ஆள் பருமன், பேச்சு குறைவு. வருஷத்தில் பத்து மாதம் கடல், மிச்சம் வீடு. அந்த முறை வந்தபோது அவனுடைய சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அடுத்த கப்பல் தயாராக இருந்தது. பேச்சுப் பாடத்தில் தேறினால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறலாம். ஊரில் இதே பாடம் நடத்துகிற பள்ளிகள் வேறு இருந்தும் அவன் மனைவியின் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். வீட்டு டீச்சர், எப்படியும் தேற்றிவிடுவாள் என்ற தைரியம்தான். மற்ற ஆண்கள் விடுவார்களா? வீட்டில் முட்டி போட வைத்தது போதாதென்று இங்கேயும் வந்துவிட்டாயா என்றார்கள். மேம், இவனுக்கு மட்டும் கேள்வித்தாள் முந்தின நாளே படுக்கையில் கிடைத்துவிடும் என்றார்கள். கிரிஸ் எல்லாவற்றுக்கும் சிரித்தான். சிரிப்பவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

முதுகு நாற்காலி நாள் வந்தது. அறையில் பாதிப்பேர் அவனோடு வெவ்வேறு கப்பல்களில் போனவர்கள். கிரிஸுக்கு ஜோடியாக ரோலி என்பவன், போன கப்பலில் அவன் கீழே வேலை பார்த்தவன். நான் கயிற்றுக்கட்டு ஒன்றை வாங்கிப்போக வந்து வாசலில் நின்றுவிட்டேன், அந்த வேடிக்கையைப் பார்க்காமல் யாரும் போவதில்லை.

முதல் ஆட்டத்தில் கிரிஸ் திருப்பிச் சொன்னது வாய்க்குள் முணுமுணுப்பாக இருந்தாலும், அவன் தட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது. எலுமிச்சை, கரண்டி, மூடி எல்லாம் ரோலி சொன்ன இடத்தில். பெர்லித்தாவுக்கே ஆச்சரியம். பிறகு எதிர்வரிசையைப் பார்த்தாள். கிரிஸுக்கு நேரே உட்கார்ந்திருந்த நாலைந்து பேரின் உதடுகள் அப்படியும் இப்படியும் குவிந்துகொண்டிருந்தன. இடது பக்கம், மேலே, அதன் அடியில் என்று தட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். திக்பவானில் மூன்றாம் வகுப்புக்காரர்கள் செய்கிற காரியம்தான். அவள் நேரே வந்து இரண்டு நாற்காலிகளையும் திருப்பிப் போட்டாள். இப்போது கிரிஸுக்கு எதிரே வெறும் சுவர்.

ரோலி ஆரம்பித்தான். “கிரிஸ், தீப்பெட்டிய தட்டுக்கு நடுவுல வை.” கிரிஸ் கையில் எலுமிச்சையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். ரோலி மறுபடி சொன்னான், இன்னும் உரக்க. மூன்றாவது தடவை அவன் கத்தியது கீழ்மாடிக்குக் கேட்டிருக்கும். கிரிஸ் எலுமிச்சையை ஒரு மூலையில் வைத்தான், பிறகு எடுத்து இன்னொரு மூலையில் வைத்தான். புதிதாக வந்தவர்கள் சிரித்தார்கள். அவனோடு கப்பலில் போனவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள், சட்டைப் பையைத் தடவினார்கள், ஒருவன் எழுந்து கழிப்பறைக்கே போய்விட்டான்.

பெர்லித்தாவுக்கு அவன் கூத்தடிப்பதாகத் தோன்றியது. பத்து ஆண்கள் முன்னால் பெண்டாட்டியின் பாடத்தைக் கேலிக்கூத்து ஆக்குகிறான் என்று. அவன் பின்னால் போய் நின்றாள். தேனில் முக்கி எடுத்த மாதிரி அவள் குரல் வந்தது. நான் வாசலிலேயே ஒரு எட்டுத் தள்ளி நின்றேன்.

“கிரிஸ், வெளையாட்டு போதும். எழுந்து வெளிய போ.”

அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து ரோலி ஏதாவது சொல்வான் என்று தலையைச் சற்றுச் சாய்த்து, எலுமிச்சையைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தான்.

அவள் இன்னொரு முறை சொல்லவில்லை. அவள் முகத்தில் இருந்த கோபம் போய் வேறொன்று வருவதை வாசலில் நின்ற நான் பார்த்தேன். கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள். உடனே அவன் கையை உயர்த்திக் காட்டினான், தளத்தில் ஆள் தொட்டால் ‘சரி, நிறுத்திவிட்டேன்’ என்று காட்டுகிற மாதிரி. பிறகு சிரித்த முகத்தோடு திரும்பி, “முடிஞ்சுதா?” என்று கேட்டான்.

விஷயம் இதுதான். பல வருஷமாகத் துருச் சுரண்டும் எந்திரமும், கயிறு இழுக்கிற வின்ச் எந்திரத்தின் இரைச்சலும் கிரிஸின் காதைத் தின்றுவிட்டிருந்தன. எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் மேல்தளத்தில் எங்கள் ஆட்கள்தான். எங்கள் ஆட்களுக்கு ஒரு முழுக் கப்பலைக் கரையில் கட்ட வாய் தேவையில்லை. புருவம் ஏறினால் ஆமாம், உதடு குவிந்தால் அந்தப் பக்கம், தோளில் தட்டினால் நிறுத்து. வேறு நாட்டுக்காரர்கள் நடுவில் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் பிடிபட்டிருப்பான். எங்கள் நடுவில் அவன் போசனாகவே இருந்தான். மருத்துவப் பரிசோதனையில்கூடத் தப்பித்திருக்கிறான். காதில் மாட்டிவிட்டு ஒலி எழுப்புகிற பெண், ஒவ்வொரு தடவை பித்தானை அழுத்தும்போதும் தன்னையறியாமல் புருவத்தை லேசாகத் தூக்குவாளாம். இவன் அதைப் பார்த்துக் கையை உயர்த்திவிடுவான்.

அன்று சாயங்காலம் ஆசிரியர் அறையில் பெர்லித்தா என்னிடம் வேறு ஒன்றைச் சொன்னாள். அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் கிரிஸ் பதில் சொல்வதே இல்லையாம். கடலிலிருந்து பேசும்போது சிக்னல் சரியில்லை, எழுதி அனுப்பு என்பானாம். சரி, மனுஷனுக்கு அலுத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு இவளும் பேச்சைக் குறைத்திருக்கிறாள். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கும் அவனுக்குக் காரணம் தெரியவில்லை.

“எத்தன வருஷம் நோங்,” என்றாள். “பதில் சொல்லாத மனுஷன்கூட எத்தன வருஷம் கோச்சுக்கிட்டு இருந்தேன். ஊருக்கே திருப்பிச் சொல்லச் சொல்ற நான், வீட்ல ஒரு தடவ கேக்கல.”

அவள் அழுதாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடுத்து என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது. அவள் தேறவில்லை என்று எழுதினால் கிரிஸின் பிழைப்பு போயிற்று. மகள் நர்ஸிங் படிப்பில் பாதி வழியில் இருக்கிறாள், வீட்டின் மேல்தளம் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. தேறினான் என்று எழுதினால் காது கேளாத ஒருவன் கயிறும் இரும்பும் இழுபடும் தளத்தில் போய் நிற்பான், அவள் கையெழுத்தோடு.

பள்ளித் தலைவர் கேப்டன் கும்பான் அவளை அழைத்து வைத்துத் தேனாகப் பேசினார். முதுகு நாற்காலி என்பது மேம் நீங்களாகச் செய்துகொண்டது, பாடத்திட்டத்தில் இல்லை, முகத்துக்கு முகம் வைத்து ஒரு சோதனை வைத்து முடித்துவிடலாமே, யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாமே என்றார். கப்பலில் யாராவது பின்னாலிருந்து கத்தினால் என்று அவள் கேட்டாள். கேப்டன் சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கள் ஊரில் பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த மனுஷனை எப்போதுமே பிடிக்காது.

வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் என்னை ஓடவிட்டார்கள். கிரிஸ் என் வீட்டுக்கு வந்து, இன்னும் இரண்டு வருஷம் போனால் மகள் படிப்பு முடிந்துவிடும், அதை நீங்கள் அவளிடம் பதமாகச் சொல்லுங்கள் நோங் என்றான். நான் பதமாகச் சொன்னேன். அவள் பதிலுக்கு, கரையிலேயே ஏதாவது வேலை பார்க்கலாமே என்று உங்கள் யோசனையாகச் சொல்லிப் பாருங்கள் என்றாள். மூச்சுக்கு மூச்சு இதற்கு எதிராக உபதேசம் செய்கிறவள் என்னை மூன்றாம் ஆளாகக் கிளப்புகிறாளே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே போனேன். என் யோசனையாகச் சொன்னேன். கிரிஸ் என் வாயையே பார்த்துக் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு பீர் வாங்கிக்கொடுத்து அனுப்பினான். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அழைத்தாள். தேறவில்லை என்கிற முடிவை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று ஏற்கெனவே என்னிடம் கேட்டிருந்தாள். பலாக்காயும் துவரையும் பன்றிக்கறியும் போட்ட புளிக்குழம்பு. நான் வழக்கப்படி தூரத்திலிருந்து தொடங்கினேன். மழை தள்ளிப்போகிறது என்றேன். கடலும் முன்போல் இல்லை, நம் வயதுக்காரர்களுக்கு முட்டி ஒத்துவருவதில்லை என்றேன். கிரிஸ் சோற்றைப் பிசையாமல் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னப்பிள்ளை மாதிரி அத்தனை கவனமாக. எனக்குப் பேச்சு குழறியது.

பெர்லித்தா எழுந்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவள், நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

“நோங், நீங்க சாப்பிடுங்க. நான் சொல்றேன்,” என்றாள். பிறகு, “கிரிஸ்,” என்று கூப்பிட்டுவிட்டு அவன் கண் தன்மேல் வரும்வரை இருந்தாள். “உனக்குக் காது கேக்கல. என் பாடத்துல நீ தேறல. இனிமே நீ கப்பலுக்குப் போகக் கூடாது.”

அவன் முகம் சிவந்தது. கொஞ்சம் மந்தம்தான், கேட்காமல் இல்லை என்றான். மகள் படிப்பு என்றான், வீடு என்றான், நீ ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்றான். குரல் ஏறிக்கொண்டே போனது, எங்கள் ஊர்ப் பாட்டுக் குரல்தான், ஆனால் அளவு தெரியாமல் ஏறியது. வாசலில் போன முச்சக்கர வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

“பசங்க தோளத் தொடுவாங்க. உதட்டக் காட்டுவாங்க. இத்தன வருஷமா அப்படித்தான ஓடுது. ஒண்ணும் ஆகல.”

“ஒண்ணும் ஆகலயா?” என்று கேட்டாள்.

அவளுக்கு எதுவும் தெரிந்து கேட்கவில்லை. எதையும் ஒருமுறை திருப்பிச் சொல்லவைத்துக் கேட்கிற டீச்சர் புத்தி, அவ்வளவுதான். ஆனால் கிரிஸ் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டான். காது கேளாதவன் கண்ணை எடுத்தால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவள் மேசையைத் தாண்டிக் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் மறுபடி பார்க்கும்வரை விடவில்லை.

“ஜோமர் காலு,” என்றான்.

ஜோமர் என்கிற பையனை எனக்கும் தெரியும். பக்கத்து மாகாணமான அந்திக்கேக்காரன், என்னிடம் கயிறு படித்தவன். போன பயணத்தில் வின்ச் பிரேக் வழுக்கிக் கயிற்றில் கால் சிக்கி முட்டிக்குக் கீழே போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“பிரேக் வழுக்கல,” என்றான் கிரிஸ். “நான்தான் வின்ச்ல நின்னேன். அவனுக்கு முதுகக் காட்டிட்டு நின்னேன். கயிறு வளையத்துல அவன் கால் மாட்டிக்கிச்சு. நான் இழுத்துக்கிட்டே இருந்தேன். ரோலி ஓடி வந்து என் கையப் புடிச்சப்புறம்தான் நிறுத்தினேன்.”

“அவன் கத்தலயா?”

“கத்தினான்னு எல்லாரும் சொல்றாங்க. கரையில நின்னவங்களுக்கே கேட்டுச்சாம். எனக்கு அவங்க சொல்லித்தான் தெரியும்.”

பசங்க என்மேல பாசமா இருந்தாங்க, பிரேக்குன்னு சொல்லிட்டாங்க என்றான். தேறலன்னே எழுதிடு என்றான். அதற்கப்புறம் அவன் அழுதது எனக்குப் புதிது. தன் அழுகையின் சத்தம் தனக்கே தெரியாத மனிதன் அழுவதை நான் அதுவரை கேட்டதில்லை.

பெர்லித்தா அவன் மணிக்கட்டை விடவில்லை. அழுகை ஓய்ந்ததும், அந்தப் பையனின் அம்மாவுக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். பிரேக் வழுக்கியது என்று தெரியும் என்றான். யார் போய்ச் சொன்னது என்று கேட்டாள். ரோலியைச் சொல்லச் சொன்னோம் என்றான்.

“திங்கக்கிழமை மொத பஸ்ல அந்திக்கே போறோம்,” என்றாள். “நீ சொல்ற. உன் வாயால.”

அவன் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “நீயும் வர்றியா?”

“வர்றேன். அந்தம்மா அழுதுக்கிட்டே திட்டுவாங்க, முகத்த மூடிக்குவாங்க. அவங்க உதடு உனக்குத் தெரியாது. அவங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் நான் உன் முன்னாடி உக்காந்து சொல்லுவேன். ஒண்ணக்கூடக் கொறைக்க மாட்டேன்.”